உச்சிக்கு வரும் நாள்

ஜனவரி 3, புதன்

ஐந்தாம் வகுப்பில் பத்தொன்பது பேர். எல்லாரும் கடற்கரைத் தெருப் பிள்ளைகள். ஸ்டெல்லா டீச்சர் பிரசவ விடுப்பில் போயிருப்பதால் ஏப்ரல் கடைசி வரை எனக்கு வேலை. அதற்குப் பிறகு வைத்துக்கொள்வதா என்று தேவாலயத்துப் பங்குச் சாமிதான் முடிவு செய்வார். அவர்தான் பள்ளிக்குத் தாளாளர்.

தலைமையாசிரியை சிஸ்டர் அக்விலின் ஒரு படிவம் கொடுத்தார். ‘பெற்றோர் தொழில்’ என்ற கட்டத்தில் ‘கம்பெனி’ என்று எழுதினேன்.

“எந்தக் கம்பெனி?”

“பக்கத்துலதான் சிஸ்டர்.”

அவர் மேலே கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படிவத்தைக் கோப்பில் வைத்தார்.

வகுப்பில் என் பெயரைச் சொன்னேன். பேச்சியம்மாள். கடைசி பெஞ்சிலிருந்து ஸ்டார்வின் என்ற பையன், “பேச்சி டீச்சராம்ல! பேசவே மாட்டுக்காங்க!” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோவிலும் பள்ளியும் ஒரே வளாகம். பன்னிரண்டு அடித்ததும், கோவில் வேலைகளைப் பார்க்கும் மிக்கேல் உபதேசியார் கோபுரத்தின் மணிக்கயிற்றை இழுக்கிறார். மணி கேட்டதும் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும் வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து செபம் சொல்கிறார்கள். நானும் எழுந்து நின்றேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஜனவரி 10, புதன்

அறிவியல் பாடம்: ஒளியும் நிழலும். ‘காலையில் நிழல் நீளமாக இருக்கும். பன்னிரண்டு மணிக்குச் சூரியன் உச்சிக்கு வரும்போது நிழல் இருக்காது.’ பலகையில் எழுதினேன், அவர்களும் எழுதினார்கள்.

முதல் பெஞ்சு செலஸ்டினா கையைத் தூக்கினாள். “டீச்சர், உச்சின்னா எங்கம்மா எண்ணெ வைக்கிற உச்சியா?”

“ஆமாம். தலைக்கு நேர் மேலே.”

மணி அடித்தது. செபம் முடிந்து மற்றவர்கள் சாப்பாட்டுத் தட்டோடு ஓடினார்கள். செலஸ்டினா மட்டும் வாசலில் நின்று வெளியே பார்த்தாள்.

“டீச்சர், கொடிக்கம்பத்துக்கு நெழல் கெடக்கே.”

“சாப்பிடப் போ,” என்றேன்.

எல்லாரும் போன பிறகு நானும் வாசலுக்கு வந்து பார்த்தேன். ஆளை விட நீளமாக வடக்கே சாய்ந்து கிடந்தது. அதே வரியை நான் பள்ளியில் எழுதினேன், பயிற்சித் தேர்விலும் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். இருபத்து மூன்று வருஷமாக இந்த ஊர் வெயிலில்தான் நடக்கிறேன். ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை.

ஜனவரி 11, வியாழன்

காலை முழுவதும் தள்ளிப்போட்டேன். வருகைப் பதிவு, கூட்டல் கணக்கு, பின்னம், மறுபடி பின்னம். பதினொன்றரை மணிக்குப் பலகையில் எழுதினேன்: ‘நேற்று நான் சொன்னது தவறு.’

ஸ்டார்வின் எழுந்து, “அப்போ அடிக்க மாட்டீங்களா டீச்சர்?” என்றான்.

“யாரை?”

“செலஸ்டிய. எதுத்துப் பேசினாள்லா.”

“அவ சொன்னதுதான் சரி.”

செலஸ்டினா தலையைக் குனிந்து நோட்டில் நேற்றைய வரியை அடித்தாள். அளவுகோல் வைத்து, ஒரே கோடாக, வார்த்தைகள் கீழே தெரியும்படி.

பலகையின் வலது மூலையில் ஒரு கட்டம் போட்டு ‘தெரியாது’ என்று தலைப்பு வைத்தேன். கீழே: 1. எல்லா நாளும் உச்சி வெயில் என்கிறோம். உச்சிக்கு வெயில் என்றைக்கு வரும்?

கட்டத்தை அழிக்கக் கூடாது என்று வகுப்புத் தலைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 19, வெள்ளி

செலஸ்டினாவின் அப்பா உடைந்த துடுப்புக் கம்பு ஒன்று கொடுத்துவிட்டார். பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் நட்டோம். தரைக்கு மேலே சரியாக ஒரு மீட்டர். நேராக நிற்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என நான் யோசிப்பதற்குள் ஸ்டார்வின் வலையில் கட்டும் ஈயக்குண்டை நூலில் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். “கொஞ்சம் கடல் பக்கம் சாயிதுல. தள்ளு. தள்ளு. இப்பம் விடு.”

மணி அடிக்கும்போது நிழல் ஐம்பத்தேழரை சென்டிமீட்டர். அளந்து எழுதிவிட்டு எழுந்திருக்கப் போனோம். செலஸ்டினா மட்டும் எழுந்திருக்கவில்லை. “இன்னும் கொறையுது டீச்சர்.”

உட்கார்ந்தோம். சோறு ஆறியது. அரைவட்டமாகப் பத்தொன்பது தலைகள். நிழலின் நுனியில் கரித்துண்டால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தோம். பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு ஐம்பத்தாறு. அதற்குப் பிறகு வளரத் தொடங்கியது.

நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு வரவில்லை. அரை மணி கழித்து வருகிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. எல்லாரும் அங்கேயே இருந்தார்கள்.

மேற்குப் பக்கம் சுவருக்கு அப்பால் உப்பளம். வேலை முடிந்த பெண்கள் பின்சுவரை ஒட்டிய பாதையில் போனார்கள். “டீச்சர், அந்தா ஒங்க…” என்று செலஸ்டினா ஆரம்பித்தாள். நான் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 22, திங்கள்

புடவைக்குக் கஞ்சி போட்டேன். அம்மா இப்போது வேலை முடிந்து பள்ளியின் பின்பாதையில் வருவதில்லையாம். ரோட்டு வழியாகச் சுற்றி வருகிறாளாம், அது நல்ல பாதையாம். நான் புடவையை உதறிக் கொடியில் போட்டேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

நிழல் 48. தசமப் புள்ளி நடத்தினேன். ஸ்டார்வின் அளந்தது 48.3. புள்ளிக்குப் பின்னால் உள்ள மூன்று எதற்கு என்று இந்த வகுப்பில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 14, புதன்

திருநீற்றுப் புதன். பிள்ளைகள் காலைப் பூசையிலிருந்து நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தார்கள். என் நெற்றியைப் பார்த்து ஸ்டார்வின், “டீச்சர், எங்களுக்கு வருசத்துல ஒரு நாளுதான். ஒங்களுக்குத் தெனமும் திருநீறா?” என்றான். “ஆமாம். நான் நிறையத் தப்பு செய்கிறேன்,” என்றேன். வகுப்பே சிரித்தது. நான் சொன்ன ஒன்றுக்கு ஒரு கூட்டம் சிரிப்பது இதுதான் முதல் தடவை.

மணி அடிக்கும்போது 43. குறைந்தபட்சம் 40, பன்னிரண்டு முப்பத்திரண்டுக்கு.

ஜனவரியில் இருபத்தெட்டு நிமிஷம் தாமதம். இப்போது முப்பத்திரண்டு. நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம், அந்த நேரம் நமக்கு ரொம்பக் கிழக்கே உள்ள ஒரு கோட்டை வைத்துச் சொல்லப்படுகிறது, அங்கே உச்சியைத் தாண்டிய சூரியன் நம்மிடம் வரக் கொஞ்ச நேரம் ஆகும் என்று விளக்கினேன். புரிந்தது. “அப்போ ஏன் டீச்சர் அந்தக் கொஞ்ச நேரமும் மாறுது?” என்றாள் செலஸ்டினா.

மூலையில் எழுதினேன். தெரியாது, எண் 6.

பிப்ரவரி 15, வியாழன்

நேற்று மாலை ஸ்டார்வின் மிக்கேல் உபதேசியாரிடம் போய், “ஒங்க மணி அரை மணிநேரம் முந்தி அடிக்கி,” என்று சொல்லியிருக்கிறான். முப்பத்தோரு வருஷமாக அந்தக் கயிற்றை இழுப்பவர் அவர். காய்ச்சலில் கிடந்தபோதும் வந்து அடித்தாராம்.

அலுவலக அறையில் அவர் என்னைப் பார்க்காமல் சிஸ்டரைப் பார்த்தே பேசினார். “வாட்சு ரேடியோவுக்குச் சரியா இருக்கு. சாமிக்குச் சரியா இருக்கு. இந்தப் பிள்ளையளுக்குத்தான் சரியில்ல. கடலுக்குப் போறவன், பேறு பாக்குறவ, உப்பளத்துல நிக்கிறவ, எல்லாரும் எம் மணியக் கேட்டுத்தான் நிமிருதாவ. இனி சிரிப்பானுவ.”

அவர் போன பிறகு சிஸ்டர் சொன்னார்: “ஜூன்லயும் உங்களையே போடணும்னு சாமிகிட்டச் சொல்ல இருந்தேன். கோவில் மணியைக் குறை சொல்லவா பிள்ளைகளுக்குக் கத்துக்கொடுக்கிறீங்க?”

மணி சரிதான், கடிகாரமும் சரிதான், சூரியன் வேறு கணக்கு என்று சொல்லியிருக்கலாம். “இல்லை சிஸ்டர்,” என்று மட்டும் சொன்னேன். அது எதற்கும் பதில் இல்லை.

சாப்பிடவில்லை. பசி இல்லை.

மார்ச் 2, வெள்ளி

28.9. நிழல் ஓடுகிறது. ஜனவரியில் நகர்ந்தது, இப்போது ஓடுகிறது.

மார்ச் 8, வியாழன்

ராத்திரி சாப்பிடும்போது அம்மா, “பள்ளிக்கூடத்துல கம்ப நட்டுவச்சி என்னத்தட்டி பாக்கிய எல்லாரும்?” என்று கேட்டாள். யாரோ சொல்லியிருப்பார்கள்.

மார்ச் 20, செவ்வாய்

15.5.

கட்டத்தாளில் வரைபடம் போட்டார்கள். கிடைக்கோட்டில் நாள், நிலைக்கோட்டில் நிழல். ஒவ்வொருவரும் தன் தாளில் புள்ளி வைத்துச் சேர்த்தபோது பத்தொன்பது தாளிலும் ஒரே சரிவு இறங்கியது. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் யாரிடமும் கேட்டுக்கொண்டு வரவும் இல்லை. வானத்தில் இருப்பது பென்சில் வழியாகத் தாளுக்கு வந்திருந்தது. பிள்ளைகள் தங்கள் தாளைப் பக்கத்துத் தாளோடு ஒட்டி வைத்துப் பார்த்தார்கள்.

செலஸ்டினா கடைசி இரண்டு புள்ளிகள் மேல் அளவுகோலை வைத்துக் கீழே நீட்டினாள். கோடு அடியைத் தொட்ட இடத்தில் விரலை வைத்தாள். ஏப்ரல் 10.

“அன்னைக்குத்தான் டீச்சர் உச்சிக்கு வருது!”

மார்ச் 21, புதன்

சாமி வகுப்புக்கு வந்தார். வெள்ளை அங்கியில் உயரமான மனிதர், கதவில் குனிந்துதான் நுழைய வேண்டும். உபதேசியார் விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. பலகை மூலையைப் படித்தார். “தெரியாது… பதினோரு தெரியாதா? இதுக்கா உங்கள வச்சிருக்கோம்?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் சாக்பீஸைப் பலகைத் தட்டில் வைத்தேன்.

செலஸ்டினா எழுந்துவிட்டாள். “சாமி, ஏப்ரல் பத்தாந்தேதி கம்புக்கு நெழலே இருக்காது.”

“யாரு சொன்னா?”

“வரைபடம் சொல்லுது சாமி.”

சாமி தாளை வாங்கிப் பார்த்தார். “சரி, அன்னைக்கு வாறேன். சிஸ்டரும் வரட்டும், உபதேசியாரும் வரட்டும். நிழல் இல்லன்னா உபதேசியார் உங்ககிட்டக் கோபிக்கக் கூடாது. இருந்துச்சுன்னா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். எல்லாரும். டீச்சரையும் சேத்துத்தான்.” வாசலில் திரும்பி, “ஜூன் விஷயத்தையும் அதுக்குப் பொறவு பேசிக்கலாம்,” என்றார்.

ஏப்ரல் 3, செவ்வாய்

உயிர்ப்புத் திருநாள் விடுமுறை முடிந்தது. அளந்தோம். 6.3.

குறைவது மெதுவாகியிருக்கிறது. கோடு நேர்க்கோடு இல்லை, வளைகிறது. அளவுகோலை வைத்து நீட்டியது தவறு. வளைவைக் கையாலேயே தொடர்ந்து வரைந்தார்கள். பன்னிரண்டாம் தேதியில் இறங்குகிறது.

“பத்துன்னு சாமிகிட்டச் சொல்லியாச்சே டீச்சர்,” என்றாள் செலஸ்டினா. முகம் வெளுத்திருந்தது. “சொல்லாம விட்டா என்ன? ரெண்டு நாளுதான்.”

என் வாயிலிருந்து வர இருந்ததும் அதுவேதான். அவள் சொல்லிக் கேட்டபோது நன்றாக இல்லை.

பள்ளி விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு சாமியின் பங்களாவுக்குப் போனேன். படியில் இரண்டு தடவை நின்றேன். “தேதி தப்பு சாமி. பத்து இல்ல, பன்னெண்டு,” என்றேன்.

“ரெண்டு நாள்ல என்னம்மா வந்துரப் போவுது?”

“ஒண்ணேகால் சென்டிமீட்டர் சாமி.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்து நாட்காட்டியில் பத்தை அடித்துப் பன்னிரண்டை வட்டமிட்டார். திரும்பும்போது செலஸ்டினா என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பத்து வயது, யார் கையையும் பிடிக்கிற வயது இல்லை.

ஏப்ரல் 10, செவ்வாய்

1.4. பன்னிரண்டு பத்தொன்பதுக்கு.

ஏப்ரல் 11, புதன்

அம்மாவிடம், “நாளைக்கு வேல முடிஞ்சதும் பள்ளிக்கூடத்துக்குள்ள வாம்மா,” என்றேன்.

“எதுக்குட்டி?”

“நெழலப் பாக்க.”

அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். “இந்தச் சேலையோடயா? மேல சட்ட வேற போட்டிருப்பேன். காலெல்லாம் உப்பு.”

“அப்படியே வா.”

ஏப்ரல் 12, வியாழன்

வரிசையாக எழுத வேண்டும். ஒன்றும் விட்டுவிடக் கூடாது.

காலையில் வானம் வெள்ளையாக இருந்தது. பத்து மணிக்குத் தெளிந்தது. ஒன்று முதல் நாலாம் வகுப்பு வரை எல்லாரையும் சிஸ்டர் வெளியே கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தினார். என் பிள்ளைகள் கம்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

பன்னிரண்டுக்கு மணி அடித்தது. எல்லாரும் எழுந்து செபம் சொன்னோம். முடிந்ததும் சாமி அங்கியைப் பிடித்துக்கொண்டு கம்பருகே வந்தார். உபதேசியார் கயிற்றை விட்டுவிட்டு அவர் பின்னால் வந்தார்.

நிழல் இருந்தது. மேற்கே, உப்பளத்தைப் பார்த்து, எட்டு சென்டிமீட்டர்.

உபதேசியார் அதை விரலால் காட்டினார். சுவரோரம் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிஸ்டர் என்னைப் பார்த்தார். அது கோபம் இல்லை, இரக்கப்படும் பார்வை. கோபமே தேவலை.

“சரி, பிள்ளையள் முயற்சி பண்ணிருக்கு,” என்று சாமி வாட்சைப் பார்த்தார். “எனக்கு ஒரு நோயாளி வீட்டுக்குப் போணும்.” திரும்பி இரண்டு அடி வைத்தார்.

“சாமி, இருங்க!”

என் குரல்தான். கோவில் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது.

“இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு சாமி. உபதேசியார் மணி கடிகாரத்துக்குச் சரி. சூரியன் பதினெட்டு நிமிஷம் பிந்தி வருது. மூணு மாசமா அளந்திருக்கோம். மணி தப்புன்னு நாங்க சொல்லல.” கடைசி வார்த்தைகளை உபதேசியாரைப் பார்த்துச் சொன்னேன். பிப்ரவரியில் சொல்லியிருக்க வேண்டியது.

சாமி திரும்பி வந்து வேப்பமரத்தடியில் நிற்கப் போனார். பிறகு மனசு மாறி வெயிலிலேயே நின்றார்.

ஸ்டார்வின் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டான். “ஏழு… அஞ்சரை…” பன்னிரண்டு பத்துக்கு, “மூணர!” சிரித்துக்கொண்டிருந்த ஒன்றாம் வகுப்பு ஒவ்வொன்றாக நகர்ந்து கிட்டே வந்தது. பன்னிரண்டு பதினான்குக்கு, “ஒண்ணே முக்கால்.” சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

அப்போது பின்கேட்டில் அம்மா நின்றாள். தலையில் துண்டு, சேலை மேல் பழைய ஆண்சட்டை, முழங்கால் வரை உப்பு காய்ந்த வெள்ளை. உள்ளே வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செலஸ்டினா என்னைப் பார்த்தாள். ‘அந்தா ஒங்க…’ என்று என்றைக்கோ ஆரம்பித்த அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவே இல்லை. அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்டுக்கொண்டதும் இல்லை.

போய் அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி இருந்தது. “யாரும்மா?” என்றார் சாமி.

“எங்கம்மா சாமி. இந்தா பின்னால உப்பளத்துலதான் வேல பாக்காங்க.”

“வாங்கம்மா, வாங்க. இங்க நின்னாத்தான் தெரியும்,” என்று சாமி நகர்ந்து இடம் விட்டார்.

“அர!” என்றான் ஸ்டார்வின். “நூலு மாதிரி இருக்கு… நூலுதான்…”

கம்பின் அடியில் ஒன்றும் இல்லை.

மேற்கே இல்லை, வடக்கே இல்லை, எங்கும் இல்லை. ஒரு மீட்டர் கம்பு வெட்டவெளியில் முழு வெயிலில் நிற்கிறது, அதற்கு நிழல் இல்லை. செலஸ்டினா அடியைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தாள், ஒளிந்திருக்கிறதா என்பது போல. ஸ்டார்வின் படுத்தபடியே, “அளக்க ஒண்ணும் இல்ல டீச்சர்,” என்றான், கோவிலுக்குள் பேசுகிற குரலில்.

ஒவ்வொருவராகத் தன் காலைப் பார்த்தார்கள். சாமியின் நிழல் அவர் செருப்பைச் சுற்றி ஒரு சின்ன வட்டம். சிஸ்டருக்கும் அப்படியே. உபதேசியாருக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும். அம்மாவின் உப்புப் பாதங்களைச் சுற்றியும் அதே வட்டம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாருடைய நிழலும் யார் மேலும் விழவில்லை.

செலஸ்டினா கையைத் தூக்கித் தன் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள். எண்ணெய் சூடாக இருந்திருக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் தொட்டார்கள். நானும்.

“பாத்திக்குள்ள குனிஞ்சே நிக்கேன், இம்புட்டு வருசம்,” என்றாள் அம்மா மெதுவாக. “இது வந்துட்டுப் போறது எனக்குத் தெரியாமப் போச்சே.”

அந்த நேரம் மணி அடித்தது.

திரும்பிப் பார்த்தேன். உபதேசியார் நின்ற இடத்தில் அவர் இல்லை. கோபுரத்தடியில் கயிற்றை இரு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பதினெட்டுக்கு, முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக, இரண்டாவது மணி. பிள்ளைகள் பழக்கத்தில் எழுந்து கைகூப்பினார்கள். சாமியும் கைகூப்பினார். உப்பளத்தில் தொலைவில் ஒன்றிரண்டு பேர் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது.

கை எங்கே இருக்க வேண்டும் என்று இன்றைக்கு நான் யோசிக்கவில்லை. அது அம்மாவின் கைக்குள் இருந்தது.

ஏப்ரல் 13, வெள்ளி

தெற்கே அரை சென்டிமீட்டர். நிழல் மறுபக்கம் போய்விட்டது. மூன்று மாதம் வடக்கே விழுந்த ஒன்று தெற்கே விழுவதைப் பார்க்க உபதேசியாரும் வந்தார். குத்தவைத்து உட்கார்ந்து, “தெரியாது கட்டத்துல எழுதுங்கடே,” என்று ஸ்டார்வினிடம் சொன்னார். “திரும்ப எப்போ வடக்கு வரும்னு.”

எண் 14.

ஏப்ரல் 20, வெள்ளி

கடைசி நாள். பிள்ளைகள் ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறார்கள். தசமம், பின்னம், வரைபடம், திசைகள், தமிழில் இரண்டு செய்யுள். முன்னேற்ற அட்டையில் எழுத இவ்வளவுக்குத்தான் இடம் இருக்கிறது.

செலஸ்டினா பதினான்கு கேள்விகளையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். “அங்க உள்ள டீச்சருக்குத் தெரியுமா டீச்சர்?” என்று கேட்டாள்.

“தெரியலன்னா கோபப்படாதே,” என்றேன்.

சிஸ்டர் புதுப் படிவம் கொடுத்தார், ஜூன் மாதத்துக்கு. அவர் எதிரிலேயே பூர்த்தி செய்தேன். பெற்றோர் தொழில்: உப்பளத் தொழிலாளி. சிஸ்டர் படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார். “பலகையை நல்லாக் கழுவிடுங்க டீச்சர், கோடை லீவுக்கு,” என்றார்.

கழுவினேன். வலது மூலையை மட்டும் விட்டுவிட்டேன்.